கிழங்குச் சமையல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தக்காளியும் அவரையும் விலையேறிக் கிடக்கும் நாட்களில் குடும்பச் செலவைத் தாங்கிப் பிடிப்பவை கிழங்குகள். பக்குவம் தெரியாமல் சமைத்துவிட்டு, அரிக்கிறது, குழைகிறது, வாயு என்று அவற்றை ஒதுக்குகிறோம். அந்தப் பக்குவத்துக்குக் காசு செலவில்லை. கொஞ்சம் கவனம் போதும்.

செய்ய வேண்டியவை

• மரவள்ளிக்கிழங்கின் மேல்தோலோடு உள்பட்டையையும் சேர்த்து உரியுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். சயனைடு உண்டாக்கும் பொருள் இக்கிழங்கில் இயல்பாகவே இருக்கிறது. இப்படிச் செய்தால் அது குறையும். பிறகு தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துப் போட்டு மசித்தால், குமரி மாவட்டத்தில் செய்வதுபோல மீன் குழம்போடு சாப்பிடலாம்.

• சேனைக்கிழங்கை நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் கையையும் தொண்டையையும் அரிக்கவைக்கின்றன. நன்றாக வேகவைத்து, புளி சேர்த்துச் சமையுங்கள்.

• சேப்பங்கிழங்கைத் தோலோடு, கத்தி இறங்கும் பதத்துக்கு மட்டும் வேகவிடுங்கள். முழுக்க ஆறிய பின் உரித்து வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு போட்டுப் பிசறுங்கள். இரும்புத் தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பரப்பி, சிறு தீயில் வையுங்கள். அடிப்பக்கம் சிவந்து, கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும்போதுதான் திருப்ப வேண்டும். ரசம் சாதத்துக்கு இந்த ரோஸ்ட் ஒன்றே போதும்.

• சிறுகிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்து, கோணிச்சாக்கில் போட்டுத் தேய்த்தால் மண்ணும் தோலும் ஒருசேரப் போய்விடும். தை மாதத்தில் நெல்லைப் பக்கத்து வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

• சர்க்கரைவள்ளிக்கிழங்கை இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். இனிப்பு தண்ணீரில் கரையாமல் கிழங்கிலேயே நிற்கும்.

• முள்ளங்கி, பீட்ரூட் இலைகளைப் பாசிப்பருப்போடு பொரியலாக்குங்கள். ஒரே விலையில் இரண்டு கறி.

செய்யக்கூடாதவை

• பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கைச் சமைக்காதீர்கள். அதிலுள்ள சோலனைன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

• மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகக் கடிக்காதீர்கள். வெந்த பிறகும் கசந்தால் துப்பிவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களிலேயே கெடத் தொடங்கும் கிழங்கு இது. நீலக் கோடு ஓடியதை வாங்காதீர்கள்.

• பிடிகருணையை வாங்கிய அன்றே மசியல் செய்யாதீர்கள். ஒரு வாரம் காற்றாடப் போட்டுவைத்தால் அரிப்பு குறையும்.

• உருளையோ முள்ளங்கியோ வேகும் முன் புளி ஊற்றாதீர்கள். புளிப்பு ஏறினால் காய் எளிதில் வேகாது.

• உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் சீக்கிரம் கெடும். சர்க்கரைவள்ளியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்; நடுப்பகுதி வேகாமல் கட்டையாக நிற்கும்.

• தட்டு நிறையச் சோறு, அதன்மேல் கிழங்குக் கறி என்று மாவுச்சத்தை அடுக்காதீர்கள். கிழங்கு வைக்கும் அன்று சோற்றைக் குறைத்து, பருப்போ மோரோ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இந்த வாரம் சந்தைக்குப் போகும்போது, வழக்கமான உருளையோடு நிறுத்தாமல் அரைக் கிலோ சேப்பங்கிழங்கோ சிறுகிழங்கோ வாங்கி வாருங்கள். நாம் வாங்கினால்தான் விவசாயி அவற்றைத் தொடர்ந்து பயிரிடுவார்.