கொய்யா விறகும் உப்புக்கண்டமும்

டயகமவில் தீபாவளிக்கு ஆடு வெட்டினாலும், நத்தாருக்குப் பன்றி வாங்கினாலும், பங்கு வீட்டுக்கு வந்த மறுநாளே கவலை தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இறைச்சியை எத்தனை நாள் வைத்திருப்பது? நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வழி உப்புக்கண்டம். அது வெயிலை நம்பிய வழி. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அக்கரப்பத்தனைப் பக்கம் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாது. கயிற்றில் கோத்த துண்டம் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே இங்கே வெயிலின் வேலையை நெருப்புத்தான் செய்ய வேண்டும்.

புகைதான் இறைச்சியைக் காப்பாற்றுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. புகையிலுள்ள பொருட்கள் இறைச்சியின் மேற்பரப்பிலுள்ள கிருமிகளை மட்டும் அடக்கும்; உள்ளே போவதில்லை. உள்ளே காப்பது உப்பும், ஈரம் வற்றுவதும். வெளியே கறுத்து உள்ளே ஈரமாயிருக்கும் துண்டமே ஆபத்தானது.

விறகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொய்யா, பேரி, பீச்சஸ் போன்ற பழமரங்களின் விறகு கெட்டியானது, பிசின் குறைந்தது. காய்ந்த பின் மெதுவாகக் கனன்று மணமான புகை தரும். ஹவாய்த் தீவுகளில் காடாய்ப் படர்ந்து தொல்லை தரும் கொய்யாவை வெட்டி இறைச்சிக்குப் புகையூட்டுகிறார்கள். நமக்கோ அது வேலியோரத்தில் கிடக்கிறது! கவாத்து செய்த கிளைகளைச் சில மாதங்கள் மழைபடாமல் அடுக்கி வையுங்கள். பச்சை விறகு கரும்புகையும் கசப்பும் தரும். பைன், டர்பன்டைன் மரங்கள் வேண்டாம். அவற்றின் பிசினும் எண்ணெயும் இறைச்சியில் படியும். மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் அடிக்கடி மருந்து பட்ட மரமும் வேண்டாம்.

மண்சரிவுக்குப் பின் இடம்மாறி வந்த குடும்பங்களுக்கு ஒரு சொல். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்ததுபோல, வீடு போன இடத்தில் எஞ்சுவது உடைந்த கதவும் பலகையும்தான். விறகு இல்லாதபோது அவற்றை எரிக்கக் கை போகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கறையானுக்கு மருந்து பூசிய மரமும் இருக்கலாம். இறைச்சிக்கு மட்டுமல்ல, கஞ்சி காய்ச்சவும் அவை ஆகாது.

இனிச் செய்முறை. கொழுப்பை நீக்குங்கள், அது சிக்கல் அடிக்கும். கால் அங்குலப் பருமனில் நீளமாக அரியுங்கள். கிலோவுக்கு 30 கிராம் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவி ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு கொதிநீரில் போட்டு, உள்ளே சிவப்பு மறையும்வரை வேகவையுங்கள். பச்சையாகவே தொங்கவிடுவது பழைய வழக்கம் என்று பாட்டிமார் கோபிக்கலாம். ஆனால் பன்றியிறைச்சியிலுள்ள நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டிகள் வேகாமல் நிச்சயமாகச் சாகும் என்று நம்ப முடியாது.

வெந்த துண்டங்களைக் கம்பியில் ஒன்றோடொன்று படாமல் கோத்து, தணலுக்கு மூன்றடி மேலே கட்டுங்கள். மூன்று பக்கம் கல்சுவர், மேலே பழைய தகரம், ஓரத்தில் புகை போக இடைவெளி, இவ்வளவு போதும். உரமும் மருந்தும் வந்த பீப்பாய்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. லயத்து அறைக்குள் செய்யவே வேண்டாம். மூடிய அறையில் கனலும் விறகின் நச்சுக்காற்று மணமில்லாதது. உறங்கும் பிள்ளைகளைக் கொன்றுவிடும்.

விடியற்காலையில் தொடங்கித் தீ அணையாமல் பாருங்கள். ஆறவைத்து வளைத்தால் துண்டம் வெடிக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் உண்டு: அதை அன்றே சமைத்து உண்ணுங்கள். காய்ந்ததை நன்கு உலர்ந்த போத்தலில் இறுக மூடுங்கள். நம் மூடுபனி அதற்குள்ளும் நுழையும் என்பதால் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சணம் கண்டால் சுரண்டிவிட்டு உண்ண வேண்டாம், போத்தலோடு எறியுங்கள். குழம்பில் போடுமுன் வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவி, மறுபடியும் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.