தரையில் வளர்ந்த சைகஸ் வாங்கலாமா?

கேள்வி: வாசலில் வைக்க, நர்சரியில் தரையிலேயே வளர்ந்த மூன்றடி சைகஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலை அதிகம். பெயர்த்து நட்டால் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். தாராளமாக வாங்குங்கள். சைகஸ் மிக மெதுவாக வளரும். மூன்றடித் தண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். நீங்கள் கொடுக்கும் விலை அந்த வருடங்களுக்குத்தான். வெயிலில் வளர்ந்த செடியின் இலை குட்டையாக, விறைப்பாக இருக்கும். நிழல்வலைக்குள் வளர்ந்ததை வெயிலில் வைத்தால் கருகிப்போகும்.

முதலில் தண்டைப் பாருங்கள். அடியிலிருந்து உச்சிவரை கட்டைவிரலால் அழுத்துங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல். அந்தச் செடி வேண்டாம். இலையின் அடியில் வெள்ளையாக அப்பியிருந்தால் செதில்பூச்சி. வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் பெயர்க்கச் சொல்லுங்கள். இலைகளைக் கழித்துவிட்டுத் தருவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர் தேங்காத இடத்தில், முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள். புதுக் குருத்து வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்டு அழுகிவிடும். விதை நஞ்சு, குழந்தையோ நாயோ இருந்தால் கவனம்.

இன்னொன்று. நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பது ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட சைகஸ் ரெவல்யூட்டா. மேற்குத் தொடர்ச்சி மலையின் சைகஸ் சிர்சினாலிஸ் அழியும் ஆபத்தில் உள்ள இனம். காட்டில் பெயர்த்தது என்று சந்தேகம் வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.