வீழ்ந்த சர்வாதிகாரியை என்ன செய்வது?

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை இரும்புப் பிடியில் வைத்திருந்தவர் ஹிசென் ஹாப்ரே. லிபியாவின் கடாஃபிக்கு எதிரி என்பதால் அமெரிக்காவும் பிரான்சும் அவருக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தன. 1990 டிசம்பரில் இத்ரிஸ் டேபியின் படை தலைநகர் என்ஜமேனாவைப் பிடித்தபோது தப்பியோடி, செனகலில் தஞ்சம் புகுந்தார். அவர் ஆட்சியில் சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டதாக விசாரணை ஆணையம் 1992-ல் மதிப்பிட்டது. கருவூலத்தில் அவர் கைவைத்ததையும் அதே ஆணையம் பதிவு செய்தது. செனகல் தலைநகர் டக்காரில் 20 ஆண்டுகளுக்கு மேல் வசதியாக வாழ்ந்த அவருக்கு 2016-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பதவியிழந்த கொடுங்கோலர்களைப் பற்றி நாம் யோசிக்காமல் சொல்லும் பல விஷயங்களை இந்த ஒரு வழக்கு பொய்யாக்கிவிட்டது.

நம்பிக்கை: கையில் சிக்கியதும் தூக்கில் போட்டுவிட வேண்டும். அவனுக்கு விசாரணை எதற்கு?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இப்படிக் கேட்டால் எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரத் தண்டனையால் ஏமாற்றப்படுவது அந்தத் தாய்தான். ஈராக்கின் சதாம் உசேனை 2006 டிசம்பர் 30 அன்று தூக்கிலிட்டார்கள். துஜைல் என்ற ஊரில் 148 பேர் கொல்லப்பட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது. குர்து மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அன்ஃபால் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி இறந்ததால் அவர் மீதான அந்த வழக்கு கைவிடப்பட்டது. தங்கள் ஊர்களை அழிக்க உத்தரவிட்டவரின் குற்றத்தை ஒரு தீர்ப்பில் படிக்கும் வாய்ப்பைக் குர்துகள் இழந்தார்கள். ருமேனியாவின் சௌசெஸ்குவுக்கு 1989 கிறிஸ்துமஸ் நாளில் நடந்தது சுமார் ஒரு மணி நேர விசாரணை. அது முடிந்த கையோடு சுட்டுவிட்டார்கள். யார் யார் அவருக்குக் கை கொடுத்தார்கள் என்று அவரிடம் கேட்க முடியாமலே போயிற்று. அவசரமாகக் கொன்றுவிட்டால், கூட இருந்து குற்றம் செய்தவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

டக்காரில் நடந்த ஹாப்ரே விசாரணையிலோ 93 பேர் சாட்சி சொன்னார்கள். பாலைவன ராணுவ முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே படையினரின் வன்கொடுமைக்கு ஆளான பெண்களும் அவர்களில் உண்டு. கால் நூற்றாண்டாக வெளியில் சொல்லாததை அவர்கள் நீதிமன்றத்தில், ஹாப்ரே உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் சொன்னார்கள். மரண தண்டனை இல்லாத நீதிமன்றம் அது. அதனால் நீதி குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை.

நம்பிக்கை: ஓடும் முன் ஆதாரங்களையெல்லாம் எரித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் எரிக்கப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. தவிர, கொடுங்கோல் ஆட்சியும் கோப்புகளை நம்பித்தான் ஓடுகிறது. கைது, விசாரணை, சாவு என எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பியாக வேண்டும். ஹாப்ரேயின் ரகசியப் போலீஸ் படையான டிடிஎஸ்-இன் பழைய தலைமையகத்தில் 2001-ல் நுழைந்த மனித உரிமை வழக்கறிஞர் ரீட் பிராடியும் அவருடன் சென்றவர்களும் கண்டது, தரையெங்கும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான ஆவணங்கள். அவற்றை ஆராய்ந்தபோது 12,321 பேர் பாதிக்கப்பட்ட விவரமும், அவர்களில் 1,208 பேர் கொல்லப்பட்டோ காவலிலோ இறந்த விவரமும் கிடைத்தன. 898 கைதிகளைப் பற்றி ஹாப்ரேவுக்கே நேரடியாகப் போன தகவல்கள் 1,265. “எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்லும் வழி அத்துடன் அடைபட்டது.

அந்தக் காகிதங்கள் கிடைக்கும் முன்பே வேலையைத் தொடங்கியவர் சுலைமான் கெங்கெங் என்ற கணக்கர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடியவர், உயிரோடு வெளியே வந்தால் உண்மையைச் சொல்வேன் என்று உள்ளேயே சபதம் செய்துகொண்டவர். விடுதலையானதும் தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போய் 792 வாக்குமூலங்களைச் சேர்த்தார். பழைய அதிகாரிகள் புதிய ஆட்சியிலும் பதவியில் இருந்ததால், அவற்றைப் பல ஆண்டுகள் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜாக்லின் முதேய்னா 2001-ல் என்ஜமேனாவில் நடந்த போராட்டத்தில் கையெறி குண்டு வெடித்துக் காயப்பட்டார். பின்வாங்கவில்லை.

நம்பிக்கை: இதையெல்லாம் ஹேக் நகரத்து நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2002 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களை மட்டுமே விசாரிக்க முடியும். ஹாப்ரேயின் குற்றங்கள் அதற்கு 11 ஆண்டுகளாவது முந்தியவை. ஆகவே, பாதிக்கப்பட்டவர்கள் 2000-ல் டக்காரிலேயே புகார் கொடுத்தார்கள். தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று செனகல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிறகு பெல்ஜியத்திடம் போனார்கள். அது 2005-ல் கைது ஆணை பிறப்பித்தது. செனகல் அரசு மேலும் இழுத்தடித்தது. கடைசியில், நாடுகளுக்கிடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொன்னது: உடனடியாக நீங்களே விசாரியுங்கள், இல்லையேல் ஒப்படையுங்கள். அதே ஆண்டு செனகலில் ஆட்சி மாறியிருந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து சிறப்பு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. தலைமை நீதிபதி புர்கினா ஃபாசோவைச் சேர்ந்தவர். ஒரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை இன்னொரு ஆப்பிரிக்க நாட்டின் மண்ணில் ஆப்பிரிக்க நீதிபதிகள் விசாரித்துத் தண்டித்தார்கள். இது வெள்ளைக்காரர்களின் நீதி என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

நம்பிக்கை: நீதிமன்றத்தையே ஏற்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் வழக்கு நின்றுவிடும்.

2015 ஜூலையில் விசாரணை தொடங்கியதும் ஹாப்ரே கூச்சலிட்டார். அவரது வழக்கறிஞர்கள் வர மறுத்தார்கள். நீதிமன்றம் வேறு வழக்கறிஞர்களை நியமித்து, அவர்கள் தயாராக 45 நாள் அவகாசம் கொடுத்தது. செப்டம்பரில் காவலர்கள் அவரைத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். விசாரணை நடந்தது.

நம்பிக்கை: தண்டனை கொடுத்தாயிற்று, கணக்கு தீர்ந்தது.

தீரவில்லை. ஹாப்ரேயின் ராணுவத் தளபதியாக இருந்த டேபி எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படாமல் 30 ஆண்டுகள் சாட் நாட்டை ஆண்டு 2021-ல் இறந்தார். ஆயுதம் கொடுத்த வல்லரசுகளிடம் எந்த நீதிமன்றமும் விளக்கம் கேட்கவில்லை. 2017-ல் ஆயுள் தண்டனையை உறுதிசெய்த மேல்முறையீட்டு அமர்வு, 7,396 பேருக்கு 82 பில்லியன் சிஎஃப்ஏ ஃபிராங்குக்கு மேல் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டு, அதற்கான நிதியத்தின் பொறுப்பை ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் விட்டது. ஹாப்ரே 2021 ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். அன்று வரை அந்த நிதியத்திலிருந்து ஒருவருக்கும் ஒரு காசு போய்ச் சேரவில்லை. முதுமையிலும் நோயிலும் பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள்.

ஆகவே, இனி எந்த நாட்டில் எந்தக் கொடுங்கோலன் வீழ்ந்தாலும், தூக்குமேடையைத் தேடும் முன் மூன்று வேலைகளை அன்றே செய்யுங்கள்: ரகசியப் போலீஸின் கோப்பு அறையைப் பூட்டிக் காவல் போடுங்கள், அவனுடைய சொத்துகளை முடக்குங்கள், பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களை எழுதத் தொடங்குங்கள்.