புதுமனை புகும் மருத்துவமனை

வள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார்: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை ஊட்டுபவன். கட்டடம் அந்நான்கினுள் இல்லை. ஆயினும் ஒரு மருத்துவமனை புதிய கட்டடத்திற்குப் பெயருங்கால் மிகவும் இடர்ப்படுபவர் அந்நான்காமவரே. அவரை அதற்கு ஆயத்தம் செய்யுமாறு யாதென ஈண்டு ஆராய்வோம்.

பழைய வார்டில் பல்லாண்டு பணிபுரிந்த செவிலிக்கு அவ்விடம் கையிலும் காலிலும் பதிந்துள்ளது. நள்ளிரவில் ஒருவர்க்கு மூச்சுத் திணறின், ஆக்சிஜன் எங்கே, அவசர மருந்து எங்கே என்று அவர் எண்ணி நிற்பதில்லை. கால் தானே செல்லும். புதிய கட்டடத்தில் அக்கால் தடுமாறும். அவரது அறிவு குறைந்திலது, வழியே மாறிற்று. மூச்சு முட்டுகின்ற நோயாளிக்கோ இவ்விரண்டும் ஒன்றே.

இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை, இருப்புப்பாதையின் பொருட்டுத் தன் பழைய இடத்தை 1862-இல் விட்டது. முன்பு விலங்குக் காட்சிச்சாலையாயிருந்த சர்ரே தோட்டத்தில் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, 1871-இல் தேம்ஸ் நதிக்கரையில் புதுமனை புகுந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெரிதும் வற்புறுத்திய நீண்ட கூடங்கள் ஆங்கு அமைந்தன: இருமருங்கும் படுக்கைகள், உயர்ந்த சாளரங்கள், நின்ற இடத்திலிருந்தே அனைவரையும் காணும் செவிலி. இக்காலத்துப் புதுமனைகளிலோ தனியறைகள் மிகுதி. தொற்று பரவாமைக்கு அவை நல்லனவே. ஆனால் சுவர் கண்ணை மறைக்கின்றது. ஆதலின் எவ்வறையை எவர், எத்துணை நாழிகைக்கொருமுறை காண்பது, அழைப்பு மணிக்கு எவர் செல்வது என்பன குடிபுகுமுன்னரே முடிவாதல் வேண்டும்.

நம் நாட்டு வேலூரை நோக்குவோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய பணி, 1902-இல் 40 படுக்கைகளையுடைய மருத்துவமனையாயிற்று. 2022-இல் இராணிப்பேட்டையிலும் பெருவளாகம் திறந்தது. விபத்துச் சிகிச்சை முதலிய பிரிவுகள் அங்குச் சென்றன; நகர் வளாகமும் தொடர்ந்து நடைபெறுகின்றது. இத்தகைய பெயர்ச்சியில், எந்நோயாளியை எங்கு அனுப்புவது என்பதை மருத்துவர் மட்டுமன்றி வாயிற்காவலரும் பிழையற அறிதல் வேண்டும்.

இதற்குத் துணையாவது ஒத்திகை. ஒருவரை நோயாளியாகத் தள்ளுவண்டியிற் கிடத்தி, வாயிலிலிருந்து அறுவை அறைவரை கொண்டுசெல்க. இரத்த வங்கிக்கு ஆள் அனுப்பி, எத்துணை நிமிடம் ஆயிற்று எனக் குறிக்க. அபாய மணியை ஒலிப்பித்து எவரெவர் ஓடிவருகின்றனர் எனக் காண்க. மின்தூக்கியில் வண்டி திரும்பாமையும், அலமாரி கதவை மறைத்தலும் அப்போதே வெளிப்படும். இரவுப்பணியாளர் இரவிலேயே பழகுதல் வேண்டும். துப்புரவாளரையும் வண்டி தள்ளுவோரையும் இவ்வொத்திகையினின்று ஒதுக்கும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று. நோயாளியின் வழித்துணைவர் அவரே அல்லரோ!

பெயரும் நாளில் இரண்டிடத்தும் ஆட்கள் வேண்டும். அறுவைகளை முன்னரே குறைத்து, ஒவ்வொரு நோயாளியுடனும் அவர்தம் குறிப்பேட்டையும் மருந்தையும் சேர்த்தே அனுப்புவர். புதிய அவசரப் பிரிவு முதல் நோயாளியை ஏற்கும்வரை பழையதன் கதவு அடைபடலாகாது. அதன்பின்னும் சில வாரம் பழைய வாயிலில் ஓர் ஆளும் ஒரு வண்டியும் நிற்றல் நன்று. கன்னிவாடி போன்ற சிற்றூரிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டு வருவோர் அறிந்தது அப்பழைய வாயில் ஒன்றே.