எருதுகளின் கொம்புப் புற்றும் சீழ்நோயும்: வேற்றுமை அறியும் முறை

உழவுக்கும் வண்டிக்கும் எருதுகளை வைத்துப் பராமரிக்கும் குடியானவர்கள், கொம்பின் அடியிலும் கண்ணைச் சுற்றியும் வீக்கமோ சீழோ கண்டால், அதை அடிபட்டதனால் உண்டான புண் என்றே எண்ணிவிடுவது வழக்கம். அநேக சமயங்களில் அவ்வெண்ணம் சரியானதே. ஆயினும், அதே இடத்தில் ஏறக்குறைய அதே தோற்றத்துடன் கொம்புப் புற்று என்னும் கொடிய வியாதியும் தோன்றுவதுண்டு. முன்னது தக்க மருந்துக்கு அடங்கும். பின்னதோ, புண்ணென்று கருதி மருந்திட்டுக்கொண்டிருக்கும் நாட்களிலேயே உள்ளே பரவி, எருதைக் காப்பாற்ற முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிவது எருது வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

இரண்டும் ஓரிடத்தில் தோன்றுவதன் காரணம்

மாட்டின் நெற்றியெலும்பு ஒரே கட்டியான எலும்பன்று. அதனுள் காற்று நிறைந்த அறைகள் உண்டு. கன்று வளர வளர இவ்வறை கொம்பின் உள்ளெலும்புக்குள்ளும் நீண்டு செல்லும். வளர்ந்த மாட்டின் கொம்பு அடியோடு முறிந்தால் நெற்றியறை திறந்துபோவது இதனாலேயே. இவ்வறைகள் ஒருபுறம் கண்குழியை அடுத்தும், மற்றொருபுறம் மூக்கோடு தொடர்புற்றும் இருக்கின்றன. எனவே அறைக்குள் நிறைவது சீழாயினும் புற்றின் சதையாயினும், வெளியே தெரியும் குறிகள் ஒன்றுபோலவே இருக்கும். அந்தப் பக்கத்து நாசியில் ஒழுக்கு, கொம்படியில் வீக்கம், தலையைச் சாய்த்துப் பிடித்தல் ஆகியவை இரண்டிலும் உண்டு. கொம்படியைத் தட்டினால் வெற்றறையின் ஓசை மாறி மந்தமாகக் கேட்பதும் இரண்டிற்கும் பொது.

சீழ்நோயின் குறிகள்

சீழ்நோய்க்குப் பெரும்பாலும் ஒரு தொடக்கம் உண்டு. கொம்பு முறிந்திருக்கும், அல்லது கொம்பு தீய்த்த இடமோ அறுத்த இடமோ சரியாக ஆறாமல் இருந்திருக்கும். வயது வேற்றுமையின்றி எம்மாட்டுக்கும் இது வரலாம். மாட்டுக்கு ஜுரம் காணும், சாதாரணமாக 101.5 டிகிரி பாரன்ஹீட் அளவிலுள்ள உடற்சூடு அதற்கு மேல் ஏறும். தீனியெடுப்பது குறையும். தொட்டால் வலியினால் தலையை இழுத்துக்கொள்ளும். நாசியில் வருவது கெட்டியான, நாற்றமுள்ள சீழ். சீழுக்கு வழிசெய்து, அறையைக் கழுவி, வைத்தியர் குறித்த ஊசிகளை முறையாகப் போட்டுவந்தால் நாளுக்கு நாள் குணம் தெரியும்.

புற்றின் குறிகள்

கொம்புப் புற்று பெரும்பாலும் 5 முதல் 10 வயதுள்ள எருதுகளையே பற்றுகிறது. காயடித்த எருதுகளில் அதிகம். பசுக்களிலும் பொலிகாளைகளிலும் குறைவு. எருமைகளில் மிக அரிது. தொடக்கத்தில் காயமும் இராது, ஜுரமும் இராது. எருது அடிக்கடி தலையை உதறும். கொம்பை மரத்திலும் கட்டுத்தறியிலும் தேய்க்கும். இரண்டு கொம்புகளில் ஒன்று மட்டும் மெல்லச் சாயத் தொடங்கும். அந்தப் பக்கத்து நாசியில் நீர் கலந்த இரத்தம் விட்டுவிட்டு ஒழுகும். பிறகு கொம்பு ஆட்டங்கண்டு, ஒருநாள் நுகத்தடியில் இலேசாக இடித்தவுடன் கழன்று விழும். விழுந்த இடத்தில் பூக்கோசு போன்ற சதை தெரியும்; தொட்டவுடன் இரத்தம் கசியும். அடிபட்டதனால் கொம்பு விழுந்தது என்று குடியானவர் கருதுவது இந்தக் கட்டத்திலேதான். கொம்பு விழுந்தது வியாதியின் தொடக்கமன்று; வியாதி முற்றியதன் அடையாளமே ஆகும். மேலும் பரவினால் கண் முன்தள்ளும், முகம் கோணும், காதின் கீழும் தாடைக்கோணத்திலும் நெறிகள் வலியின்றிக் கட்டியாகத் தடிக்கும்.

கண்ணிலும் மூக்கிலும்

கண்ணிலும் இதே குழப்பம் நேர்கிறது. ஈக்களினால் பரவும் கண்நோய் சில தினங்களுக்குள் மந்தையில் பல மாடுகளுக்கு, விசேஷமாக இளம் மாடுகளுக்கு, வருவது. நீர் வடியும், வெளிச்சத்துக்குக் கண் கூசும், கருவிழியின் நடுவில் வெண்புள்ளி தோன்றும். கண் புற்றோ, ஒரே மாட்டில், அதுவும் வயதான மாட்டில், இமையோரத்திலோ கருவிழியின் விளிம்பிலோ சிறு மருபோல வலியின்றித் தொடங்கி, மாதக்கணக்கில் வளர்வது. இமைகளில் கருநிறமின்றி வெளுத்திருக்கும் மாடுகளில் இது அதிகம்.

மூக்கினுள் பூக்கோசு போன்ற சதை வளர்ந்து குறட்டை விடும் மாடுகளைக் கண்டு புற்றென்று அஞ்சவேண்டுவதில்லை. மூக்கின் இரத்தக்குழாய்களில் வாழும் ஒருவகைப் புழுவினால் வரும் குறட்டை நோயே பெரும்பாலும் அதற்குக் காரணம். அப்புழுவை 1933ஆம் வருஷம் சென்னையில் அனந்தநாராயண ராவ் விவரித்தார். நத்தைகள் உள்ள குளங்குட்டைகளின் வழியாக இது தொற்றுகிறது. மூக்குச்சளியைச் சோதித்தால் புழுவின் முட்டைகள் தெரியும்.

ஏமாற்றும் தன்மை

யாவரும் முக்கியமாக அறியவேண்டியது ஒன்றுண்டு. முற்றிய புற்று அழுகிச் சீழ் பிடிக்கும். ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும். அந்நிலையில் ஜுரமும் நாற்றமும் உண்டாவதால் அது முழுதும் சீழ்நோயாகவே தோன்றும். ஊசி போட்டவுடன் சீழ் குறையும், புழு விழுந்துவிடும், எருது நன்றாகத் தீனி தின்னும். குடியானவர் வியாதி தீர்ந்ததென்று மகிழ்ந்து மறுபடியும் ஏர் பூட்டுவார். குறைந்தது மேலிருந்த சீழ் மட்டுமே. அடியிலுள்ள புற்று குறையவில்லை. எனவே மருந்தினால் சற்றுத் தணிவது சீழ்நோய் என்பதற்கு அத்தாட்சியாகாது. முற்றிலும் ஆறி, மீண்டும் வராதிருப்பதே அத்தாட்சியாகும். முறையான சிகிச்சை செய்தும் இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணையும், ஆறியபின் அதே இடத்தில் திரும்பும் வீக்கத்தையும் புற்றென்றே சந்தேகிக்கவேண்டும்.

செய்யவேண்டுவனவும் தகாதனவும்

சந்தேகம் தோன்றியவுடன் எருதைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகவேண்டும். வைத்தியர் சிறு சதைத்துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் சோதிப்பித்து நிச்சயிப்பார். கொம்பு சாயத் தொடங்கும்போதே வந்த எருதுக்கு, மரத்துப்போகும் ஊசியிட்டு, கொம்பை அடியோடு அறுத்து, தோலை இழுத்து மூடித் தைப்பார்கள். இவ்விதம் காலத்தில் செய்யப்பட்ட எருதுகள் பல மீண்டும் வேலைக்கு வந்திருக்கின்றன. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை நரம்பின்வழி வாரந்தோறும் செலுத்துவதும் உண்டு. இதை எண்ணி அச்செடியின் இலையை வீட்டில் அரைத்துக் கொடுத்தல் கூடாது. அது மாட்டுக்கு விஷம். சூடுபோடுதலும், ஆடும் கொம்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும் காலத்தை வீணாக்குவதன்றி வேறு பயன் தரா. கொம்புப் புற்று ஒட்டுவியாதியன்று. ஆதலால் பக்கத்து மாடுகளைப் பற்றி அஞ்சவேண்டுவதில்லை.

மாட்டைக் கழுவும்போது மாதம் ஒருமுறை இரண்டு கொம்புகளையும் கையால் பிடித்து அசைத்துப் பார்த்து, அடியைத் தட்டி ஓசையை ஒப்பிடுவதற்குச் செலவொன்றுமில்லை. கிராம அதிகாரிகளும் கால்நடை முகாம்கள் நடைபெறும் தினங்களில், ஒரு கொம்பு சாய்ந்த எருதுகளைத் தவறாமல் கொண்டுவரும்படி குடியானவர்களுக்குத் தெரிவிப்பது நலம். ஜோடியில் ஓர் எருது போனால் மற்றதும் வேலைக்கு உதவாது நிற்கும். கொம்பு விழும்வரை காத்திராமல், கொம்பு சாயும்போதே கவனிப்பவரின் ஏர் நிற்காது.