பஞ்சர் கடைக்கு வந்த ஆல்ப்ஸ் காற்று

கேள்வி: பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஒரு சிலிண்டர் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்கிறதே, ஏன்? இந்த இயந்திரம் எப்போது வந்தது?

பதில்: இரண்டும் ஒரே காற்றைத்தான் அழுத்துகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. பெரியது வெளிக்காற்றை இழுத்து ஓரளவு சுருக்கிச் சிறியதற்குத் தள்ளும். சுருங்கிய காற்றுக்குச் சின்ன இடம் போதுமே! வால்வுகளைத் திறக்கத் தனி ஏற்பாடு கிடையாது. பிஸ்டன் இறங்கினால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு தகடு திறக்கும். ஏறினால் அது மூடிக்கொள்ளும், அழுத்தம் மிஞ்சியதும் மற்றது திறக்கும்.

ஒரே சிலிண்டரில் முடித்துவிடலாமே என்றால், சூடு விடாது. 30 டிகிரிக் காற்றை, ஆறவிடாமல் 8 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் 270 டிகிரியைத் தொட்டுவிடும். எண்ணெய் கருகி வால்வில் கரி படியும். சூடான காற்றை அழுத்த மின்சாரமும் அதிகம் இழுக்கும். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள குழாயில் வரிவரியாகத் தகடுகள் இருப்பது காற்று பாதிவழியில் ஆறத்தான்.

1776-இல் இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் நீராவி இயந்திரத்தை வைத்து இரும்பு உலைக்குக் காற்று ஊதினார். அது வெறும் ஊதல்தான். அழுத்திய காற்றின் பலத்தை உலகத்துக்குக் காட்டியது, பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த ஃபிரேஜு சுரங்கம். 1857-இல் கைத்துளையில் தொடங்கிய வேலை ஊர்ந்தது. 12 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்துக்குள் நீராவி இயந்திரத்தை ஓட்டினால் புகையில் ஆள் பிழைக்க முடியாது. பொறியாளர் ஜெர்மேன் சோமேயெ, வெளியே மலையருவியின் பலத்தில் காற்றை அழுத்திக் குழாயில் உள்ளே அனுப்பினார். 1861 முதல் அதுவே துளைக்கருவிகளை ஓட்டியது. கருவி கக்கிய காற்றே தொழிலாளிக்குச் சுவாசமும் ஆயிற்று. அவருடைய ஒருவகைக் கம்ப்ரஸரில் பிஸ்டன் நேராகக் காற்றைத் தொடாது; நடுவில் தண்ணீரைத் தள்ளும், தண்ணீர் காற்றை அழுத்தும். சூட்டையும் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். கெட்டிக்கார யோசனை! 1871 செப்டம்பரில் சுரங்கம் திறந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை, ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

இன்று வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் முனகுவது இதே பிஸ்டன்தான். சிஎன்ஜி பங்க்கில் பல கட்டங்களாக 200 மடங்குக்கு மேல் அழுத்துகிறார்கள். சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜனுக்கும் இதுவே. அவ்வளவு லேசான வாயுவைச் சுழல்சக்கரத்தால் வீசி அழுத்துவது பெரும்பாடு, பிஸ்டனுக்கோ கனமும் லேசும் ஒன்றுதான். பாலித்தீன் பைக்கான எத்திலீனை வளிமண்டலத்தைப்போல் 1,500 மடங்குக்கும் மேலான அழுத்தத்துக்கு ஏற்றும் ஆலைகளிலும் பிஸ்டனே முன்னும் பின்னும் ஓடுகிறது.