தீத்தடுப்புத் தகடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பந்தயக் காரில் ஓட்டுநருக்கும் இன்ஜின், பெட்ரோல் டேங்குக்கும் நடுவே நிற்கும் தகட்டுத் தடுப்புதான் ஃபயர்வால். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இன்ஜினுக்கு மெனக்கெடும் அளவுக்கு இந்தத் தகட்டுக்கும் மெனக்கெட வேண்டும். திருச்செந்தூர் மாதிரி கடலோர ஊரில் வேலை நடந்தால், உப்புக்காற்று அரிக்கும் என்பதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

நம்பிக்கை: தகடு தடிமனாக இருந்தால் போதும்.
உண்மை: தீயும் பெட்ரோலும் முதலில் தேடுவது இடுக்கைத்தான். அதனால்தான் இத்தகைய போட்டிகளின் விதிகள், திரவமோ சூடான வாயுவோ கசியாதபடி ஃபயர்வாலை முழுக்க அடைக்கச் சொல்கின்றன. ஒயர் நுழையும் துளையில் ரப்பர் கிராமெட் போடாவிட்டால், வண்டி அதிரும்போது தகட்டின் விளிம்பே ஒயரின் உறையை அறுத்துவிடும். பொறி அங்கேயே கிளம்பும்.

நம்பிக்கை: அலுமினியம் போட்டால் எடை மிச்சம், வேறு வித்தியாசமில்லை.
உண்மை: 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு சுமார் 7.8 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ. ஆனால் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பெட்ரோல் தீ அதைத் தாண்டும். ஃபயர்வால் வாங்கித் தருவது தப்பிக்கும் நேரத்தை மட்டுமே. ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான்.

நம்பிக்கை: அலுமினியம் அரிக்காது.
உண்மை: செந்துரு பிடிக்காது, அவ்வளவுதான். உப்புக்காற்றின் ஈரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். பெரிய இரும்புத் தகட்டில் அடித்த சின்ன அலுமினிய ரிவெட் இன்னும் சீக்கிரம் போகும். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. இரும்புச் சட்டத்துக்குப் பிரைமர் அடித்து, அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவே சீலன்ட் பூசுங்கள்.

நம்பிக்கை: தகடு படபடத்தால் கனத்தைக் கூட்ட வேண்டும்.
உண்மை: விளிம்பை மடித்தாலே விறைப்பு வந்துவிடும், எடை பெரிதாக ஏறாது.

நம்பிக்கை: ஜி.ஐ. தகட்டை வெல்டு செய்துவிட்டுப் பால் குடித்தால் புகை முறிந்துவிடும்.
உண்மை: பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஜி.ஐ. மேலுள்ள துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் வாயில் உலோகச் சுவையும் வரும். பூச்சில்லாத தகடு வாங்குங்கள்; அல்லது வெல்டு விழும் இடத்தில் பூச்சை நீக்கி, காற்றோட்டமான இடத்தில், புகைக்கான மாஸ்க் போட்டு வேலை செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் இரவில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இன்ஜின் பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். உள்ளே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் அந்தக் கார் ஓடத் தயாராகவில்லை.